முதல் கார், முதல் ஜிபிஎஸ்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

கனடா வந்து ஐந்து மாதம், கையில் ஜி2 லைசென்ஸ் (ஒன்ராறியோவில் முழு ஜி லைசென்ஸுக்கு முந்தைய படி), வாங்கியிருப்பது திரை எதுவும் இல்லாத பழைய கொரோலா, அடுத்த மாதத்திலிருந்து வேலைக்காக வடக்கே சட்பரி வரை ஓடவேண்டும். "தனியாக ஒரு ஜிபிஎஸ் வாங்கத்தான் வேண்டுமா, போன் போதாதா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம் என்று சுற்றி ஓடுவதற்குப் போன் போதும். எங்கே நெரிசல், எங்கே விபத்து, எந்த வீதியை மூடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் போனில் உடனுக்குடன் வந்துவிடும். தனிக் கருவி அந்த வேகத்துக்கு வராது. ஆனால் ஜி2 லைசென்ஸ், வடக்குப் பக்க ஓட்டம், வரப்போகிற முதல் விண்டர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களை ஒன்று வாங்கச் சொல்லித்தான் எனக்கு மனம் வருகிறது.

முதலில் லைசென்ஸ் விஷயம். ஓடும்போது போனைக் கையில் பிடித்தால் ஒன்ராறியோவில் குற்றம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பிடித்தாலும் அதேதான். முழு ஜி வைத்திருப்பவருக்கு முதல் தடவை மூன்று நாள் லைசென்ஸ் நிறுத்தம். ஜி2 காரருக்கு முதல் தடவையே 30 நாள். அபராதம் 1000 டொலர் வரை போகலாம். வேலைக்கே கார் வேண்டிய ஆளுக்கு அந்த 30 நாள் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். போனைத் தாங்கியில் பூட்டி வழி பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் போனில்தான் ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பும் வரும், வேலைத்தலத்துச் செய்தியும் வரும். கை தானாகவே போகும். வழி காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத கருவி என்றால் அந்த இழுபறி இல்லை.

அடுத்தது சிக்னல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கருவி அவற்றின் சமிக்ஞையை வாங்குவதோடு சரி, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் மாதக் கட்டணம் கிடையாது, போன் கோபுரமும் தேவையில்லை. உங்கள் போனிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, போன் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். அங்கே வராமல் போவது வரைபடம்தான். அல்கோன்குயின் பூங்காவுக்குள் ஓடும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையிலும், சுப்பீரியர் ஏரிப் பக்கம் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். சட்பரியோடு உங்கள் வேலை நிற்குமா, இன்னும் மேலே போகுமா என்று இப்போது சொல்லமுடியாது. தனிக் கருவியில் வரைபடம் உள்ளேயே இருக்கும். கருவி வாங்கினாலும், பயணத்துக்கு முதல் நாள் வீட்டு வைஃபையில் போனிலும் அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்காமலே ஓடக்கூடிய கருவியை வாங்குங்கள். வீதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். "400 மீட்டரில் வலது பக்கம்" என்று மட்டும் சொன்னால், இரண்டு வீதிகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது கண் திரைக்குப் போய்விடும். "கெனடி வீதியில் வலது" என்றால் கண் வீதியிலேயே இருக்கும். ஊரில் "கந்தர்மடம் சந்தி தாண்டி இரண்டாவது ஒழுங்கை" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் போய்விடுவோமே, அதுபோல. திரை ஐந்து அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். ஆறு, ஏழு அங்குலம் என்றால் வசதி, ஆனால் கொரோலாவின் கண்ணாடியில் அதற்குமேல் பெரிதாக வைத்தால் பார்வையை மறைக்கும்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது லேன் காட்டும் படம். ரொறன்ரோவில் இது இல்லாத கருவி வேண்டவே வேண்டாம். 401 நெடுஞ்சாலையில் ஒரே திசைக்கு, தூரம் போகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்றும், வழியில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கலெக்டர் என்றும் இரண்டு பிரிவு ஓடும். எக்ஸ்பிரஸுக்குப் பச்சைப் பலகை, கலெக்டருக்கு நீலப் பலகை. விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வரும்போது எக்ஸ்பிரஸிலேயே இருந்துவிட்டால் கெனடியில் இறங்கமுடியாது. முன்கூட்டியே கலெக்டருக்கு மாறியிருக்கவேண்டும். நல்ல கருவி, பிரியும் இடத்துக்கு முன்பே எந்த லேனில் நிற்கவேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் படமாகக் காட்டும். தவறவிட்டால் அடுத்த வெளியேற்றம் (எக்ஸிட்) வரைக்கும் போங்கள், தம்பி. அதிகமாக ஐந்து நிமிடம் போகும். கடைசி நேரத்தில் குறுக்கே வெட்டாதீர்கள்.

டவுன்ரவுனில் கருவியை முழுதாக நம்பவேண்டாம். பே வீதிப் பக்கத்து உயரமான கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறித்து, உங்களைப் பக்கத்து வீதியில் காட்டும். கார்டினர் விரைவுச்சாலை மேலே ஓடுகிறது, அதன் கீழே லேக் ஷோர் வீதி. நீங்கள் மேலே போய்க்கொண்டிருக்கக் கருவி கீழே இருப்பதாக நினைத்து "இடது பக்கம் திரும்பு" என்று சொல்லும். அங்கே பலகைதான் வழிகாட்டி.

தாங்கியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். நான் முதல் கருவி வாங்கியது 2009 இல். ஓடும்போது கையில் போன் பிடிக்கக்கூடாது என்ற சட்டம் இங்கே வந்ததும் அந்த ஆண்டு ஒக்டோபரில்தான். அடுத்த ஜனவரி, விடிய ஐந்தரை மணி, மைனஸ் 20க்குக் கீழே. 401 இல் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும், கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பர் உறிஞ்சி குளிரில் விறைத்துக் கழன்று, கருவியோடு என் காலடியில் பிரேக்குக்குப் பக்கத்தில் விழுந்தது. குனியவும் முடியாது, காலால் தள்ளவும் பயம். அடுத்த வெளியேற்றம் வரை வலது காலை அசைக்கவே நடுங்கிக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசையும். அதற்குப் பிறகு, மணல் மூட்டைபோலக் கனமான அடி உள்ள, டாஷ்போர்டில் சறுக்காமல் உட்காரும் தாங்கிதான் வைத்திருக்கிறேன். உறிஞ்சிதான் வேண்டும் என்றால் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, கார் சூடான பிறகு ஒட்டுங்கள். இரவில் கருவியை வீட்டுக்குள் கொண்டுபோங்கள். கண்ணாடியில் விழும் வட்ட அடையாளத்தையும் துடைத்துவிடுங்கள், கள்ளர் பார்ப்பது அதைத்தான்.

வாங்கிய அன்றைக்கே மாற்றவேண்டியவை சில உண்டு. அமைப்பில் "கட்டண வீதிகளைத் தவிர்" என்பதைப் போட்டுவிடுங்கள். 407 கட்டண நெடுஞ்சாலையில் காசு வாங்கும் சாவடி கிடையாது, மறிப்பதற்கும் ஆள் கிடையாது. கமெரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், பில் வீட்டுக்கு வரும். டிரான்ஸ்பொண்டர் (கட்டணத்தைத் தானே பதியும் சிறு பெட்டி) இல்லாத காருக்குக் கமெராக் கட்டணம் வேறு. கருவிக்கு வேகமான வழி மட்டும்தான் தெரியும், உங்கள் சம்பளம் தெரியாது. பில்லைக் கட்டாமல் விட்டால் பிளேட் புதுப்பிப்பு நின்றுவிடும்.

முகவரி போடும்போது முதலில் நகரம், பிறகு வீதி, அதோடு கிழக்கா மேற்கா என்பதைப் பாருங்கள். ஷெப்பர்ட், எக்லிங்டன் போன்ற வீதிகளுக்கு இலக்கங்கள் யங் வீதியிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணத் தொடங்கும். ஷெப்பர்ட் கிழக்கில் ஒரு 300 இருந்தால் மேற்கிலும் ஒரு 300 இருக்கும். என் மனைவி ஒருமுறை நேர்முகத் தேர்வுக்கு அரை மணி நேரம் பிந்தியது இந்த ஒரு சொல்லால்தான். இன்னொன்று, "ஹோம்" என்ற இடத்தில் உங்கள் வீட்டு இலக்கத்தைப் போடாதீர்கள். பக்கத்துப் பிளாசாவைப் போடுங்கள். கருவி களவு போனால் வீட்டு வழியும் சேர்ந்து போகக்கூடாது.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கார்மின் பழைய மொடல்களில் பெயருக்குப் பின்னால் எல்எம் (LM) என்றிருந்தால் வரைபடப் புதுப்பிப்பு இலவசம், எல்எம்டி (LMT) என்றால் போக்குவரத்துத் தகவலும் சேர்த்து. எழுத்து இல்லாததை எடுக்காதீர்கள், வரைபடம் வாங்கப் போகும் செலவில் மலிவு கரைந்துவிடும். எல்எம்டி வாங்கினால் அதற்குரிய சார்ஜர் வயரையும் கேட்டு வாங்குங்கள். பல மொடல்களில் போக்குவரத்துத் தகவலை வாங்கும் பகுதி அந்த வயருக்குள்தான் இருக்கிறது. வேறு வயர் போட்டால் கருவி இயங்கும், ஆனால் அந்தத் தகவல் வராது. என்னிடம் கேட்டால், நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே மலிவு விற்பனை வரை பொறுத்து, வைஃபையில் தானே புதுப்பித்துக்கொள்ளும் புதிய ஒன்றை எடுப்பேன். அதற்குள் சட்பரி ஓட்டம் தொடங்கிவிட்டால் ஒரு வாரமும் பொறுக்கவேண்டாம்.

வாங்கியதும் நிலக்கீழ் பார்க்கிங்கில் வைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள், வானம் தெரியாத இடத்தில் அது தேடிக்கொண்டே நிற்கும். வெளியே நிறுத்தி, முதல் தடவை சில நிமிடங்கள் விடுங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வழியில் ஓடிப் பாருங்கள். அது எவ்வளவு முன்னால் சொல்கிறது, எங்கே பிந்துகிறது என்று காது பழகட்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு 401 ஓரளவு வெறுமையாக இருக்கும். கருவியைக் கொண்டுவாருங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன், கலெக்டருக்கும் எக்ஸ்பிரஸுக்கும் நாலைந்து தடவை மாறி ஓடிப் பழகலாம்.