விதானையாரிடம் பெயரை ‘அழிக்க’ச் சொல்லலாமா?

கேள்வி: மகள் கலியாணம் முடித்து மானிப்பாயில் இருக்கிறா. எங்கள் குடும்ப அட்டையில் இருந்து அவவின் பெயரை எடுக்க வேண்டும். ‘பெயரை அழித்துத் தரவும்’ என்று விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) எழுதின கடிதத்தைப் பார்த்து மகன் சிரிக்கிறான். அழித்தல், நீக்கல், அகற்றல் எல்லாம் ஒன்றுதானே? – ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: மகன் சிரித்ததில் பிழையில்லை அம்மா. ஆனால் உங்கள் கடிதம் விளங்காமல் போகாது. விதானையார் ‘பேர் வெட்ட வந்தனீங்களோ’ என்றுதான் கேட்பார்.

எடுத்த பொருள் பிறகு எங்கே என்று பாருங்கள், சொல் தானாக வரும். அழித்தால் அது எங்கும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை அழிறப்பரால் தேய்த்த எழுத்தை யாரும் திரும்ப வாசிக்க ஏலாது. நீக்கினால் பொருள் இருக்கிறது, இந்த இடத்தில் மட்டும் இல்லை. உங்கள் மகளின் பெயர் மானிப்பாய் அட்டையில் ஏறப்போகிறது, ஆகவே நீக்கல். அரச பதிவேட்டில் ஒன்றை ‘அழித்தார்கள்’ என்றால் களவாகச் சுரண்டினார்கள் என்றே காதில் விழும். முறையாகச் செய்பவர் பழைய எழுத்துத் தெரியும்படி கோடு கீறி, பக்கத்தில் ஒப்பம் வைப்பார். நம்மவர்கள் ‘வெட்டுதல்’ என்பது இதைத்தான். எனக்கு அந்தப் பேச்சுச் சொல்லே பிடிப்பு, ஆனால் கடிதத்தில் எழுதினால் கொஞ்சம் முரடாக இருக்கும்.

அகற்றல் என்பது அகலச் செய்தல். முகமாலையில் கண்ணிவெடி அகற்றினார்கள் என்கிறோம். நிலத்தில் இருந்து எடுப்பது அகற்றல், எடுத்ததை வெடிக்க வைப்பது அழித்தல். செய்தி எழுதுவோர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். துடைத்தல் மேற்பரப்போடு சரி. களைதல் வேண்டியதற்குள் கிடக்கும் வேண்டாததை எடுப்பது. வெங்காயத் தறையில் புல்லுப் பிடுங்கினவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 788ஆம் குறள் ‘இடுக்கண் களைவதாம் நட்பு’ என்கிறது.

தன்வினை, பிறவினையிலும் பலர் சறுக்குகிறார்கள். நீங்கு–நீக்கு, அகல்–அகற்று என்பவற்றில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அழி என்பதற்கோ இரண்டுக்கும் ஒரே வேர்: அழிந்தது, அழித்தது. ‘போனில இருந்த படமெல்லாம் அழித்துவிட்டது’ என்று எழுதினால், எது அழித்தது என்ற கேள்வி வரும். தானாகப் போனால் ‘அழிந்துவிட்டன’.

இதைவிடப் பெரிய ஆபத்து ழகரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழவும் ளவும் அநேகமாக ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதை நம்பி எழுதினால் ‘கோயிலுக்கு நன்கொடை அழித்தார்’ என்று வந்துவிடும். கொடுத்தவர் நெஞ்சைப் பிடிப்பார். அளித்தல் கொடுப்பது, அழித்தல் இல்லாமற் செய்வது. ஒழி–ஒளியும் இப்படித்தான்: ‘நுளம்பு ஒளிப்பு’ என்றால் நுளம்போடு ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுவதாக அர்த்தமாகும். திரும்ப வராமற் செய்ய நினைப்பதற்கே ஒழிப்பு. ஆகவே மகளின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இப்படி மாற்றுங்கள்: ‘எனது மகளின் பெயரை எமது குடும்ப அட்டையில் இருந்து நீக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ தாழ்மைக்கும் ழதான்.