வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்: சீரியல் போர்ட்டில் புரியாத எழுத்துகள்

கேள்வி: நாங்கள் வடிவமைத்த போர்டில் பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் நிரல்) செய்திகள் 115200 பாட் (விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் தெளிவாக வருகின்றன. லினக்ஸ் கெர்னலின் முதல் சில வரிகளும் சரியாகவே இருக்கின்றன. சீரியல் போர்ட்டுக்கான 8250 டிரைவர் ஏறியதும் திரை முழுக்கப் புரியாத எழுத்துகள். கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். எங்கே தேடுவது?
– வாசகர், ஓசூர்

பதில்: கேபிளை விட்டுவிடுங்கள். அதே கம்பி வழியாகத்தான் பூட்லோடர் பிழையின்றிப் பேசியது. டிரைவர் வந்த பிறகு கெட்டது என்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

டிரைவர் ஏறும் முன் கெர்னலின் தொடக்கச் செய்திகளை அனுப்பும் ‘எர்லிகான்’, வேகத்தைத் தனியாகக் குறிப்பிடாதவரை, பூட்லோடர் அமைத்துவைத்த வகு எண்ணைத் தொடுவதில்லை. 8250 டிரைவரோ தானே கணக்குப் போட்டு அதை மாற்றி எழுதுகிறது. யூஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்டை இயக்கும் சிப் பகுதி) வரும் கிளாக்கை 16 ஆலும், பிறகு பாட் வேகத்தாலும் வகுத்தால் அந்த வகு எண் கிடைக்கும். கிளாக் எவ்வளவு என்று டிரைவருக்குச் சொல்வது உங்கள் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு.

நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து டிமெஸ்ஜி (கெர்னல் செய்திப் பதிவு) பாருங்கள். முதல் சீரியல் போர்ட்டான டிடிஒய்எஸ்0 வரியில் ‘பேஸ்_பாட்’ என்று ஓர் எண் இருக்கும். அது 1500000 என்றால், கிளாக் 24 மெகாஹெர்ட்ஸ் என்று டிரைவர் நம்புகிறது. சிப் கையேடு 48 என்று சொன்னால், 26 ஆக இருக்க வேண்டிய வகு எண் 13 ஆகியிருக்கும். கம்பியில் ஓடும் வேகம் சுமார் 230769. டெர்மினலை 230400க்கு மாற்றுங்கள். எழுத்துகள் படிக்க வந்தால் சந்தேகம் தீர்ந்தது, கருவி எதுவும் தேவையில்லை. ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஆங்கில ‘யூ’ எழுத்தைத் தொடர்ந்து அனுப்புங்கள்: சீரான சதுர அலை வரும். 8.68 மைக்ரோ விநாடி இருக்க வேண்டிய பிட், 4.3 ஆகச் சுருங்கியிருக்கும்.

டிவைஸ் ட்ரீயில் ‘கிளாக்-ஃப்ரீக்வென்சி’ எண்ணைத் திருத்தினால் போதும். அந்த வரியையே நீக்கி, ‘கிளாக்ஸ்’ என்ற வரி வழியாக உண்மையான கிளாக்கைக் காட்டுவதையே நான் விரும்புவேன். டிரைவருக்குள் எண்ணைத் திணிக்க மட்டும் வேண்டாம்; அடுத்த போர்டைச் செய்பவர் அதைத் தேடியே களைத்துப்போவார்.

கேள்வி: ஒற்றைக் கோர் போர்டு. இரண்டாவது போர்ட்டில் 115200 வேகத்தில் சென்சார் தரவு வருகிறது. டிரைவரில் பிரிண்ட்கே (கெர்னல் செய்தியை அச்சிடும் கட்டளை) சேர்த்ததும் பைட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொலைகின்றன. ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: அந்தப் பிரிண்ட்கே வரிகள்தான் காரணம். 8250 கன்சோல் (செய்திகள் வெளியேறும் சீரியல் போர்ட்) ஒரு வரியை அனுப்பி முடிக்கும்வரை இன்டரப்ட்டை அடைத்துவைக்கிறது. இருப்பது ஒரே கோர்; அதுவரை சென்சார் பைட்டுகளை எடுக்க யாருமில்லை. 115200 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோ விநாடி. 80 எழுத்து வரிக்கு ஏறக்குறைய 7 மில்லி விநாடி. 16550ஏ சிப்பின் 16 பைட் ஃபைஃபோ (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) 1.4 மில்லி விநாடியிலேயே நிரம்பிவிடும்.

/ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் கோப்பில் ‘ஓஇ’ (இடமின்றித் தொலைந்த பைட்டுகள்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ‘எஃப்இ’ (பைட்டின் வடிவம் பொருந்தாத பிழை) ஏறினால் அது வேறு கோளாறு, வேகம் பொருந்தாமல் இருக்கலாம். ஓசூர் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஓஇ என்றால் கன்சோல் லாக்லெவலைக் (எந்தச் செய்திகள் கன்சோலுக்குப் போகலாம் என்ற வரம்பு) குறையுங்கள், அல்லது ட்ரேஸ்_பிரிண்ட்கே பயன்படுத்துங்கள். அது நினைவகத்தில் மட்டுமே எழுதும்; சீரியல் போர்ட்டைத் தொடாது.