1930-ஆ, 1915-ஆ?

கேள்வி: இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் பட்டுப்புடவை பார்த்து, ஜிபேயில் 2,850 ரூபாய் அனுப்பினேன். வந்தது நைலக்ஸ். கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். போலீஸா, நுகர்வோர் கோர்ட்டா?
- தேனி வாசகி

பதில்: பிளாக் செய்துவிட்டார்கள் என்கிறீர்களே, அதை வைத்துத்தான் வழி பிரிகிறது. பொருளில் குறை, ஆனால் விற்றவர் பதில் சொல்கிறார் என்றால் அது நுகர்வோர் விவகாரம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்தால் மோசடி. முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், அதுவும் இன்றே. இப்படிப் போகும் பணம் ஒரே கணக்கில் தங்காது. அடுத்த கணக்கு, அதற்கடுத்தது, கடைசியில் ஏடிஎம் என்று ஓடும். புகார் பதிவானதும் தகவல் வங்கிகளுக்குப் போய், எங்காவது மிச்சம் இருந்தால் அதை முடக்குவார்கள். நாள் கடந்தால் முடக்க ஒன்றும் இருக்காது.

பேசும்போது எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள். ஜிபேயில் அந்தப் பணப்பரிமாற்றத்தைத் திறந்தால் இரண்டு ஐடி தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்தது கூகுளுடையது. வங்கிக்குத் தேவை 12 இலக்க யுபிஐ எண். இதில்தான் பலர் தவறுகிறார்கள். பிளாக் ஆனதால் அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாருடைய போனிலாவது திறந்து ஸ்கிரீன்ஷாட்டோடு லிங்கையும் எடுத்து வையுங்கள். பக்கத்தின் பெயரை அவர்கள் எந்த நேரமும் மாற்றலாம். பார்சல் கவரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அனுப்புநர் முகவரியும் கூரியர் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. இவற்றை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் எழுத்துப் புகாராகவும் ஏற்றி, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: புலம்பலைப் பொதுவெளியில் போட்டால், 'பணத்தை மீட்டுத் தருகிறோம், சின்னக் கட்டணம்தான்' என்று யாராவது வருவார்கள். அவர்களும் அதே தொழில்காரர்கள்தான்.

கேள்வி: பெரிய ஷாப்பிங் தளத்தில் வாங்கிய மிக்ஸி உடைந்து வந்தது. சாட்டில் கேட்டால் 'ரிட்டர்ன் காலம் முடிந்தது' என்று ஒரே பல்லவி. அடுத்து யாரிடம் போவது?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: சாட்டை விடுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், 'கிரீவன்ஸ்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் தொடாதீர்கள், போலிகள் அதிகம்.

நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல முடியாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் கோர்ட்டுக்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது, செலவில்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்யுங்கள். எதிர்மனுதாரராகத் தளத்தை மட்டும் போடுகிறவர்கள் 'விற்றது நாங்களில்லை' என்ற பதிலில் சிக்கிக்கொள்கிறார்கள். பில்லில் 'சோல்டு பை' என்று இருக்கும் பெயரையும் சேருங்கள்.

கேள்வி: ஓடிபி சொல்லி 18,000 ரூபாய் போனது. 'உங்கள் தவறு' என்று வங்கி கையை விரிக்கிறது.
- சேலம் வாசகி

பதில்: ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான். தெரிவித்த பிறகும் பணம் போயிருந்தால் அது வங்கியின் பொறுப்பு. அதனால் தகவல் சொன்ன நேரத்தையும், ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு பற்றும் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448.