மூக்குத்தியைக் கழற்றப் பயமாக இருக்கிறது

கேள்வி: அன்பின் அன்ரி, எனக்கு வயது 34. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு வங்கியில் வேலை. சின்ன வயதிலிருந்தே இடப்பக்க மூக்கால் மூச்சு விட முடியாது. இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவேன். மூன்று மாதம் ஸ்ப்ரே அடித்தும் பலனில்லை. மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறது, ஒப்பரேசன் செய்வோம் என்று வைத்திய நிபுணர் திகதியும் தந்துவிட்டார். மூக்கின் வடிவம் மாறிவிடுமா? எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும்? கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தியைக் கழற்றவே கூடாது என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.
— வெள்ளவத்தை வாசகி

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். காது மூக்கு தொண்டை வாட்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். 52 வயதில் இதே ஒப்பரேசனை எனக்கும் செய்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன், கட்டிலில் படுத்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் மூக்குத்தி. அதைக் கழற்றத்தான் வேண்டும். ஒப்பரேசனில் இரத்தம் கசியும் இடத்தை மின்சாரத்தால் சுட்டு அடைக்கிற கருவி பாவிப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுப்போகலாம். மயக்கத்தில் இருக்கும்போது திருகாணி கழன்று தொண்டைக்குள் போய்விடக் கூடாது என்ற கவலையும் உண்டு. ஆனால் அன்று காலையில் வாட்டில் வைத்துக் கழற்றலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பத்து வருடமாகத் திருகாத திருகாணி இலேசில் அசையாது. சவர்க்காரம் போட்டு, இடுக்கியால் பிடித்து, அந்தப் பிள்ளைகள் வலியில் அழுததை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் முன்பாகவே செட்டியார் தெருவுக்குப் போய், தெரிந்த பொற்கொல்லரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கழற்றியதை அவர் கையாலேயே சிமிழில் போட்டு சாமிப்படத்தடியில் வைக்கட்டும், மனம் ஆறும். தாலிக்கொடியும் அப்படித்தான். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்களை எங்கள் வாட்டில் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

திரும்பப் போடுவது எப்போது? உங்கள் வைத்தியர் மூக்குக்குள் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான். அதுவரை துளை அடைபடாமல் இருக்க வேப்பங்குச்சி, ஈர்க்கு என்று எதையும் செருகாதீர்கள். பல வருடத்துத் துளை கொஞ்சம் சுருங்கினாலும் பொற்கொல்லர் பக்குவமாகத் திறந்துவிடுவார்.

பொதுவாக வடிவம் மாறாது. வெளியே ஒரு கீறலும் இருக்காது. நடுச்சுவர் முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. மூக்குத் துவாரம் வழியாகவே உள்ளே போய், மூடியிருக்கும் மென்தோலை விலக்கி, வளைந்த பகுதியை நிமிர்த்தி அல்லது எடுத்துவிட்டு, மென்தோலை மூடித் தைப்பார்கள். மூக்கின் அழகை மாற்றுகிற ஒப்பரேசன் வேறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. காலையில் எழும்பியதும் பத்துத் தும்மல் வருகிறதென்றால் அது தூசு ஒவ்வாமையாக இருக்கலாம். நடுச்சுவரை நிமிர்த்துவதால் அது போகாது, அதற்கு ஸ்ப்ரே தொடர வேண்டி வரலாம்.

என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று முன்கூட்டியே எல்லாம் சொல்லுங்கள். அஸ்பிரின், மீன் எண்ணெய்க் குளிசை, உள்ளிக் குளிசை, நாட்டு மருந்து, ஒன்றையும் மறைக்க வேண்டாம். இவற்றில் சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பொதுவாகச் சாப்பாடு 6 மணித்தியாலத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். விடியற்காலை ஒரு கப் குடித்துவிட்டு வந்ததால் ஒப்பரேசன் தள்ளிப்போய், லீவும் வீணாகித் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இனி, யாரும் சரியாகச் சொல்லித் தராத முதல் இரவு. நூற்றுக்கணக்கான பேருக்கு "வாயால மூச்சு விடுங்கோ" என்று சொன்னவள் நான். மயக்கம் தெளிந்தபோது இரண்டு பக்கமும் அடைத்திருக்க, மூச்சே இல்லை என்று நினைத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. மூக்கைத் தேடிய பழக்கம்தான் பயத்தைக் கொண்டுவந்தது. ஆகவே இப்போதிருந்தே இரவில் பத்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயால் மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். உங்களுக்கு வாயால் தூங்கிப் பழக்கம் இருப்பதால் என்னைவிடச் சுலபமாக இருக்கும். உதடு வெடிக்கும், வஸ்லின் பூசுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேரே விடாதீர்கள். தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். இரண்டு மூன்று தலையணி வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். வீட்டில் பழைய சாய்மனைக் கதிரை இருந்தால் அதைவிட நல்லது இல்லை. நான் ஐந்து இரவு அதில்தான் தூங்கினேன்.

மூக்கடியில் வைத்த பஞ்சு முதல் நாள் சிவப்பாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும் நனையும். அது வழமை. தொண்டைக்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் துப்புங்கள். விழுங்கினால் வயிற்றைப் பிரட்டி, கறுப்பாக வாந்தி வரும், வீட்டார் பயந்துபோவார்கள். வலிக்கு வைத்தியர் தருவதை மட்டும் போடுங்கள். பெரும்பாலும் பனடோல் போதும். முதல் நாட்களில் கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், எல்லாம் ஆறினபடி.

எனக்குச் சிகிச்சை நடந்த இடத்தில் வீட்டுக்கு விடும்போது கையில் தந்தது மருந்துச் சீட்டு ஒன்றுதான். மூக்கை எப்போது, எப்படிக் கழுவுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், சரி. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹட்டன் பிள்ளைக்கு யார் சொல்வது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வைத்தியர் தொடங்கச் சொன்ன நாளிலிருந்து உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பாமசியில் பக்கற்றாகவே கிடைக்கும். இல்லையென்றால் 240 மில்லிலீற்றர் தண்ணீருக்கு, அயடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடவே கூடாது. அரிதாக அதில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உள்ளே காய்ந்த பொருக்கு இருக்கும். நகத்தால் கிளறாதீர்கள், கழுவக் கழுவத் தானாக வரும்.

இரண்டு கிழமைக்கு மூக்கைச் சீறாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். வேது பிடிக்க வேண்டாம். குனிந்து வீடு கூட்டுவது, திருவலையில் இருந்து தேங்காய் துருவுவது, 12.5 கிலோ காஸ் சிலிண்டரை நகர்த்துவது, எல்லாம் வேறு யாராவது செய்யட்டும். லீவைக் குறைந்தது ஒரு கிழமை எடுங்கள், இரண்டு கிழமை கிடைத்தால் விடாதீர்கள். வங்கிக் கதிரையில் இருப்பது கஷ்டமில்லை. காலை நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு முழங்கை மூக்கில் பட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

நடுச்சுவரைத் தாங்க உள்ளே சிலிக்கன் தகடு வைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு கிழமையில் எடுப்பார்கள். எடுத்த அன்று காற்று ஜில்லென்று உள்ளே போகும், சந்தோஷத்தில் அழுகை வரும். இரண்டு மூன்று நாளில் திரும்ப அடைத்த மாதிரி இருக்கும். ஒப்பரேசன் சரிவரவில்லை என்று நானே அன்றிரவு முடிவு கட்டிவிட்டேன். அது வீக்கம். மெல்ல மெல்லத்தான் வற்றும், மூன்று மாதம் வரை போகலாம். எனக்குப் பத்தாவது கிழமை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, வாய் மூடியிருப்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். அங்கேயே நின்று பத்துப் பதினைந்து தரம் மூச்சை இழுத்து விட்டேன்.

இவை வந்தால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்: நிற்காமல் ஓடும் சிவப்பு இரத்தம், 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலியோடு இரண்டு பக்கமும் வீங்கி அடைப்பது, மூக்கால் தெளிந்த தண்ணீர் மாதிரிச் சொட்டுவது, பார்வை மங்குவது, கழுத்து விறைப்பது.

ஒப்பரேசன் முடிந்து எழுதுங்கள் பிள்ளை, காத்திருப்பேன்.

கேள்வி: எனக்கும் மூக்கு ஒப்பரேசன். முடிந்து ஒன்பதாம் நாள் சென்னையில் தங்கை கல்யாணம். விமானத்தில் போகலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, பொதுவாக இரண்டு கிழமைக்குப் பறக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மேலே போய் மூக்கால் இரத்தம் ஓடத் தொடங்கினால் கவனிக்க ஆள் இல்லை. தங்கை கல்யாணத்தைத் தவறவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒப்பரேசனைத்தான் தள்ளி வைக்க வேண்டும். வளைந்த நடுச்சுவர் ஒரு மாதம் காத்திருக்கும். இன்றைக்கே வைத்தியரிடம் பேசுங்கள்.

கேள்வி: ஒப்பரேசன் முடிந்து மூன்று கிழமை. கோப்பி மணம்கூடத் தெரியவில்லை. மேல்வரிசை முன்பற்கள் மரத்துப்போயிருக்கின்றன. இது வழமையா?
— மட்டக்குளி வாசகி

பதில்: இரண்டும் பலருக்கு வருவதுதான். மணத்தை அறியும் இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறது. வீக்கம் வற்றும்வரை காற்று அங்கே போய்ச் சேராது. முன்பற்களின் முரசுக்குப் போகும் நரம்பு நடுச்சுவரை ஒட்டிப் போவதால் அந்த விறைப்பு. சில கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். மணம் திரும்பும்வரை காஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று வீட்டில் இன்னொருவரும் பார்க்கட்டும். நேற்றைய கறியையும் அவர்களே மணந்து பார்த்துத் தரட்டும்.