சட்டம் கேளுங்கள்: ஊதச் சொன்ன கருவி 48 காட்டியது

கேள்வி: காங்கேயத்தில் கிடா விருந்து முடிந்து பைக்கில் திரும்பிய என் மச்சானைப் போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னபோது, கருவி 48 என்று காட்டியது. அவர் பொள்ளாச்சியில் தேங்காய் லோடு வேன் ஓட்டுபவர். அபராதத்தைக் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?
– வாசகர், உடுமலை

பதில்: அபராதத்தோடு முடியாது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உங்கள் மச்சான் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், குறைந்தது 6 மாதம் வாகனம் ஓட்டத் தகுதியிழப்பு உண்டு. பைக்கில் செய்த தவறு வேனையும் நிறுத்திவிடக்கூடும்.

எனவே, ஒப்புக்கொள்ளும் முன், கருவியின் அச்சுச் சீட்டில் உள்ள நேரம், அளவு, கையெழுத்து ஆகியவற்றையும், கருவி முறையாக அளவு சரிபார்க்கப்பட்டிருந்ததா என்பதையும் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைது செய்திருந்தால், 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்பதும் முக்கியம். "ஒரே ஒரு பீர்தான்" என்ற வாதம் மட்டும் எடுபடாது; நீதிமன்றம் பாட்டிலை எண்ணுவதில்லை.