மனதைப் படிக்க வந்தவருக்கு எதற்குக் கணக்கு?

வணக்கம் ஐயா,

மனித மனதைப் புரிந்துகொள்ளும் ஆசையில்தான் உளவியலில் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே ஆய்வு முறைகள், புள்ளியியல் என்று வந்து நிற்கிறது. சராசரி, திட்டவிலக்கம், பி-மதிப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குக் கணக்கு வராது. மனதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு சந்தேகம். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நம் கருத்து உண்மையாக இருக்க 95% வாய்ப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

ஒரு முதலாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சரியில்லை. அந்த வரியை அடித்துவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் சுற்றி வந்து சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக் கேட்டால் விடை எவ்வளவோ அத்தனை முறை காலால் தட்டும். அதை வளர்த்த ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும், வேறு ஆட்கள் கேட்டாலும், சரியாகவே தட்டியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதனையில் ஒரு மாற்றம் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி பார்த்துக்கொண்டார். குதிரை தடுமாறிவிட்டது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரறியாமல் இம்மியளவு அசைகிறது, அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்துகிறது என்று 1907இல் எழுதினார்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வியப்பு ஒன்று உண்டு. எல்லாம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை முழுதாக அடக்க முடியவில்லை! எதிர்பார்ப்பு உடம்பில் கசிந்துவிடுகிறது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது என்று உங்கள் பாடத்தில் வருமே, அந்த விதி இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வந்ததுதான். மனதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். உங்கள் ஆய்வு முறைப் புத்தகத்தில் பாதி, ஆராய்ச்சி செய்பவரின் மனதைப் பற்றியதுதான்.

இப்போது பி-மதிப்புக்கு வருவோம். தேநீரில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இதை வைத்து ஒரு சோதனையை விவரித்தார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில். அந்த நான்கையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. நான்கும் சரியாக அமைவது ஒரே வழி. ஆக, ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் எல்லாம் சரியாக வர 70-இல் ஒரு வாய்ப்பு, சுமார் 1.4%. அதுதான் பி-மதிப்பு. நான்கில் மூன்று சரி என்றால்? அப்படி அமைய 16 வழிகள். இதைவிட நல்ல விடையையும் பி-மதிப்பில் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதால், முழுச்சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு, அதாவது 24%. ஒரு கோப்பை தவறியதும் சாட்சியம் இவ்வளவு இளைத்துவிடுகிறது.

கவனியுங்கள், கணக்கு முழுவதும் "அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டால்" என்றே தொடங்குகிறது. அவருக்குத் தெரியுமா என்பதற்கான வாய்ப்பை அது சொல்வதே இல்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் எட்டு அட்டைகளில் எந்த நான்கு சிவப்பு என்பதை மனதாலேயே அறிவேன் என்று ஒருவர் வந்து, அவரும் நான்கையும் சரியாகப் பிரித்துவிட்டார் என்று வையுங்கள். அதே 1.4%தான். ஆனால் இருவரையும் ஒரே அளவு நம்புவீர்களா? மாட்டீர்கள். நாக்குக்கு ருசி தெரியும் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்த முன்னறிவு பி-மதிப்புக்குள் இல்லை.

0.05, அதாவது 5%, என்பதும் 1925இல் ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன எல்லைதான். அதை வாசற்கதவு போல் ஆக்கியது பின்னால் வந்தவர்கள். உண்மையில் எதுவுமே இல்லாத இடத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இருபது விதமாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து அந்தக் கதவைத் தாண்டிவிட 64% வாய்ப்பு. தாண்டியதை மட்டும் எழுதினால் அழகான கட்டுரை கிடைக்கும். இதற்கான விலையை உளவியல் கொடுத்திருக்கிறது. 2015இல் வெளியான பெரிய கூட்டு முயற்சி ஒன்றில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97% அந்தக் கதவைத் தாண்டியவை. மறுமுறை தாண்டியவை 36%. உளவியலைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. தன் வீட்டைத் தானே இப்படிக் கிளறிப் பார்த்த துறை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

அப்புறம், கணக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். எட்டுத் துண்டுச் சீட்டுகளை வெட்டி, நான்கில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளி உள்ளவை மூன்றும் இல்லாதது ஒன்றும் வரும்படி நான்கு சீட்டுகளை எத்தனை விதமாக எடுக்கலாம் என்று மேசையில் பரப்பி எண்ணுங்கள். சூத்திரம் வேண்டாம். பதினாறு வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.