கதிரியக்கத் தூசி: வெளியேறுவதா, உள்ளே இருப்பதா?

கேள்வி: அணுகுண்டு வெடித்தால் வெகுதொலைவில் இருப்பவர்களும் கதிரியக்கத் தூசியால் பாதிக்கப்படுவார்கள் என்கிறார்கள். அது வந்து விழுவதற்குள் வாகனத்தில் ஏறி ஊரைவிட்டு வெளியேறிவிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இதுதான், மிகுந்த ஆபத்தை விளைவிக்கக்கூடியதும் இதுதான். குண்டு தரையிலோ தரைக்கு அருகிலோ வெடிக்கும்போது ஏராளமான மண்ணும் இடிபாடுகளும் மேலே இழுக்கப்படுகின்றன. அணுப்பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் அவற்றோடு கலந்து, பின்னர் காற்றடிக்கும் திசையில் மணலைப் போலவும் சாம்பலைப் போலவும் கீழே விழுகின்றன. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய சோதனையின்போது, அபாய எல்லையென அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது வெண்ணிறச் சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானார்கள். படகின் வானொலித் தொடர்புக் கருவியை இயக்கியவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

இத்தூசியின் வீரியம் தொடக்கத்தில்தான் மிக அதிகம் என்பதை அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காலம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சின் அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது, வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகவும், இரண்டு நாள்களில் நூறில் ஒரு பங்காகவும், இரண்டு வாரங்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இறங்கிவிடும். ஆகவே, முதல் மணி நேரங்களில் சாலையில் சிக்கிக்கொள்பவர் மிகக் கொடிய நேரத்தைக் காரின் மெல்லிய தகட்டுக்குள் கழிக்கிறார். தூசியிலிருந்து வெளிப்பட்டு உடலை ஊடுருவும் காமா கதிர்களை அத்தகடு தடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அருகிலுள்ள கான்கிரீட் அல்லது செங்கல் கட்டடத்துக்குள் நுழைந்து, தரைக்குக் கீழே அறை இருந்தால் அங்கும், இல்லாவிட்டால் வெளிச்சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் விலகிய நடு அறையிலும் தங்குவதே உயிர் காக்கும் வழி. அதிகாரிகள் வேறு விதமாக அறிவிக்காத வரையில் குறைந்தது 24 மணி நேரம் வெளியே வரக் கூடாது. குழந்தைகள் வேறிடத்தில் இருந்தால் பெற்றோரின் மனம் பதறும். ஆனாலும் அவர்களைத் தேடி வெளியே செல்வது இரு தரப்பையும் ஆபத்தில் தள்ளும். அவர்களும் இருக்கும் கட்டடத்திலேயே இருப்பதுதான் நல்லது.

கேள்வி: தூசி விழும்போது வெளியில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: உள்ளே வந்ததும் மேலாடைகளையும் காலணிகளையும் கழற்றிப் பையில் கட்டி, மக்களிடமிருந்து தள்ளி வையுங்கள், ஒட்டிய தூசியில் பெரும்பகுதி இதனாலேயே நீங்கிவிடும். பிறகு தோலைத் தேய்த்துப் புண்ணாக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். தலைக்கு ஷாம்பு பயன்படுத்தலாம். கண்டிஷனர் கூடாது, அது தூசியை முடியோடு பிணைத்துவிடும்.

கேள்வி: அயோடின் மாத்திரையை முன்னதாகவே விழுங்கி வைப்பது பயன் தருமா?

பதில்: பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டுமே காக்கும். வெளியிலிருந்து உடலை ஊடுருவும் காமா கதிர்களையோ சீசியம்-137 போன்ற பிற கதிரியக்கப் பொருள்களையோ அது தடுக்காது. சுகாதாரத் துறை சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் மட்டுமே அதை உட்கொள்ள வேண்டும். அயோடின் கலந்த உப்பை அதற்கு மாற்றாக அள்ளி உண்பது உடலுக்குக் கேடு.

குழந்தைகளின் உணவில் கூடுதல் கவனம் வேண்டும். 1986 செர்னோபில் அணுஉலை விபத்துக்குப் பின், கதிரியக்க அயோடின் படிந்த புல்லை மேய்ந்த மாடுகளின் பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின்-131 எனப்படும் அந்தக் கதிரியக்க அயோடினின் அளவு எட்டு நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அந்தச் சில வாரங்கள் புதிய பாலையும் கீரையையும் தவிர்த்திருந்தாலே பெரும் தீங்கு விலகியிருக்கும். எனவே, பாதுகாப்பானது என்று அறிவிக்கப்படும் வரை, விபத்துக்கு முன்பே மூடி வைத்த உணவையும் நீரையும் மட்டுமே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.